கம்பெனி பெயின்ட் எங்கே ஒளிந்திருக்கிறது?



பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் சாலையில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் சுமந்து பிழைத்த பழைய பிக்கப் ஒன்றின் கதவோரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அது எத்தனை எஃப்.சி. பார்த்த வண்டி என்று எண்ணிச் சொல்லிவிடலாம். வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாள் நெருங்கினால், பட்டறையில் விட்டு பட்டி, டிங்கரிங் பார்த்து, மேலே ஒரு கோட் அடித்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப்போவது தமிழ்நாட்டு வழக்கம். நீலத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் வெள்ளை, அதற்கும் மேலே ஆயுத பூஜைக்கென்று தோட்டத்து டிரைவர் பிரஷ்ஷால் இழுத்த எனாமல். இத்தனைக்கும் அடியில், தகரத்தை ஒட்டி, தொழிற்சாலையில் அடித்த முதல் கோட் கிடக்க வேண்டும். எல்லா வண்டியிலும் அது மிச்சமிருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த முதல் கோட்டைத் தேடுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். தாத்தா ஓட்டிய ஜீப்பை, எஸ்டேட் ஷெட்டில் பல வருஷமாக நின்றுபோன பிக்கப்பை மறுபடி எழுப்பி, "கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே" நிறுத்த வேண்டும் என்று பேரன்களும் பேத்திகளும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் முதல் கேள்வியிலேயே கால் இடறுகிறது: எந்தக் கம்பெனி?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியே எழாது. செவர்லே 1947-இல் இறக்கிய பிக்கப் வரிசையில், வாங்குகிறவர் வேறு நிறம் கேட்காவிட்டால் ஃபாரெஸ்டர் கிரீன் என்ற கரும்பச்சைதான் வரும். 1955-இல் வந்த செவர்லே காமியோ கேரியர் பிக்கப்புக்கு அந்த ஆண்டு முழுவதும் ஒரே வண்ண அமைப்பு. உடம்பு 'பாம்பே ஐவரி' என்ற தந்த நிறம், அலங்காரப் பகுதிகளில் சிவப்பு. நிறத்துக்கு பம்பாய் பெயரைச் சூட்டிய ஜெனரல் மோட்டார்ஸ், அதற்கு முந்தைய ஆண்டுதான் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போயிருந்தது. அங்கே நிறம் பொருத்த வேண்டியவர் டிட்ஸ்லர், டூபான்ட் போன்ற பெயின்ட் கம்பெனிகள் அந்தந்த ஆண்டுக்கு அச்சிட்ட மாதிரி அட்டைகளைத் தேடி வாங்கி, எண்ணைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம்.

இங்கே நடந்தது வேறு. ஃபோர்டு 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியிலும் கடை விரித்தன. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த உதிரிகள் இங்கே பூட்டப்பட்டு வண்டியாயின. சுதந்திரத்துக்குப் பிறகு, பூட்டி விற்பது மட்டும் போதாது, பாகங்களையும் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று அரசு கறாராகச் சொன்னபோது இரண்டும் மூட்டை கட்டின. பம்பாயில் பூட்டிய லாரிக்கு டெட்ராயிட் மாதிரி அட்டையைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை. மஹிந்திரா கதையும் கிட்டத்தட்ட இதே வகைதான். 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டுவதில் தொடங்கிய கம்பெனி, பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோன சி.ஜே. 3பி என்ற உயர்ந்த பானெட் ஜீப், இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது. 1965-இல் மஹிந்திரா இறக்கிய எஃப்.சி. 150, மூக்கே இல்லாமல் கேபினுக்குள் இன்ஜினை வைத்த பிக்கப். இவற்றின் நிறத்தை டொலிடோ நகரத்து வில்லிஸ் அட்டையில் தேடுகிறவர், பேத்தியின் மச்சத்தைப் பாட்டியின் போட்டோவில் தேடுகிறவர்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் சரக்கு வண்டிகள் பல, முழு உடம்போடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததில்லை. முகப்பும் சேஸிஸும் மட்டும் வரும். கேபினையும் பின் தொட்டியையும் கட்டுவது பாடி பட்டறை. கரூர், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகள் இந்த வேலையில் பெயர் வாங்கியவை. அப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி பெயின்ட் என்பது முகப்புத் தகட்டோடு முடிந்துபோகிறது. பின்னால் இருக்கும் மரத் தொட்டிக்கு முதல் நிறம் கொடுத்தவர் பட்டறைக்காரர். அவர் எழுதிய எழுத்து, இழுத்த கோடு, வரைந்த தாமரை எல்லாம் அந்த வண்டியின் அசல்தான். அவற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு முழு வண்டியையும் அமெரிக்கப் பச்சைக்கு மாற்றுகிறவர், மீட்டெடுக்கவில்லை. வேறொரு வண்டியை உண்டாக்குகிறார்.

வேடிக்கையான சட்டச் சிக்கல் ஒன்று போர்க்கால ஜீப்புகளுக்கு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற பெயரோடு அவை மலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. அந்த ஜீப்பின் அசல் நிறம் பளபளப்பே இல்லாத ராணுவப் பச்சை. பூச்சுகளை ஒவ்வொன்றாக உரித்து, அடியில் அந்த நிறத்தைக் கண்டு, அதே மாதிரி கலக்கி அடித்து ரோட்டில் இறக்கினால் விதிமீறல்! மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121ஆம் விதி, ராணுவ வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. எண்பது வருஷத்துக்கு முன் தொழிற்சாலை கொடுத்த நிறமே என்று வாதாடலாம். சோதனைச்சாவடியில் அந்த வாதம் எடுபடாது. கண்காட்சி மேடைக்கு மட்டும் என்றால் அசல் பச்சை. ரோட்டில் ஓட வேண்டுமென்றால், தோட்டத்துக்கு வந்தபின் முதன்முதலாக அடிக்கப்பட்ட நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம். அதுவும் வண்டியின் வரலாற்றில் உண்மையான ஒரு நிறம்தானே.

சரி, அந்த நிறத்தை எப்படிப் பிடிப்பது?

வெயிலும் மழையும் பிரஷ்ஷும் எட்டாத இடங்களில் தேட வேண்டும். டேஷ்போர்டின் பின்புறம், அதன் மேல் அறைந்திருக்கும் விவரத் தகட்டின் அடிப்பக்கம், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் உள்ளே, கதவு கீலுக்குப் பின்னால், பானெட்டின் மடிப்பு, ஜீப் என்றால் டிரைவர் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க் உட்காரும் குழி. தகட்டைக் கழற்றும்போது ரிவெட்டை உளியால் அடித்து நசுக்குகிறவர்கள் உண்டு. அந்த ரிவெட்டும் அசல். மெல்லிய துரப்பணத்தால் தலையை மட்டும் எடுத்துவிட்டுப் பத்திரப்படுத்தலாம்.

இடம் கிடைத்ததும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். முதலில் 400 எண் வாட்டர் பேப்பர், பிறகு 600, பிறகு 1000. நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மேலோட்டமாகவும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிப்படும். நடுவில் பளிச்சென்று தகரம், அதைச் சுற்றி ரெட் ஆக்சைடு அல்லது சாம்பல் பிரைமர், பிறகு முதல் நிறம், பிறகு மற்றவை. இரண்டு நிறங்களுக்கு நடுவே மறுபடியும் ஒரு பிரைமர் வளையம் தெரிந்தால், அந்த இடத்தில் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தின் சாட்சியத்தைப் பாதிதான் நம்பலாம். ஒரே ஒரு வட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், வண்டியின் நான்கைந்து மூலைகளில் வட்டம் போட்டு ஒத்துப்பார்ப்பது நல்லது. கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருப்பது மலை வண்டிகளில் சகஜம்.

இந்தத் தேய்ப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய மஞ்சளிலும் பச்சையிலும் ஈயக் குரோமேட் என்ற நிறமி தாராளமாகக் கலந்திருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கு வழியே உள்ளே போகும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது தூசியை அடக்கும். முகமூடியும் வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை விரட்டிவிட வேண்டும்.

வட்டத்தில் தெரிந்த நிறத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது. எண்ணெயையும் ஆல்கிட் பிசினையும் அடிப்படையாகக் கொண்ட எனாமல், இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும் குணம் உடையது; வெளிச்சம் பட்டால் ஓரளவு தெளியும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்த 'க்ரீம்' நிறம், தொழிற்சாலையில் வெள்ளையாகவே இருந்திருக்கலாம். வெளிப்புறப் பூச்சுக்கு நேர் எதிரான கோளாறு. சிவப்புகள் வெளுக்கும், வெள்ளை சுண்ணாம்பாக உதிரும். ஆகவே உட்புறத்துத் துணுக்கைக் கழற்றிச் சில நாள் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்துவிட்டு, வெளிப்புற வட்டத்தைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டு, பிறகே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

அடுத்த படி கடை. இன்றைக்கு நகரத்து பெயின்ட் கடைகளில் ஸ்பெக்ட்ரோ கருவி இருக்கிறது. துணுக்கைக் காட்டினால் நொடியில் கலவைச் சூத்திரம் அச்சாகி வரும். பாதி வேலை அதோடு முடிந்தது. மீதிப் பாதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருவி தன்னிடம் உள்ள இன்றைய நிறமிகளைக் கொண்டுதான் கணக்குப் போடும். பழைய நீலம் பிரஷ்யன் நீலமாக இருந்திருக்கலாம். அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் உள்ள நிறமி. இன்றைய நீலம் பெரும்பாலும் தாலோசயனின். அது சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். இரண்டையும் கடையின் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும்படி கலக்கிவிட முடியும். வெளியே மலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்று பச்சைக்குச் சாயும், மற்றொன்று சிவப்புக்கு. மஞ்சள் பல்பின் கீழே மூன்றாவது விதம். அதனால் மாதிரித் தகட்டைக் காலை வெயிலிலும், மேகம் மூடிய மதியத்திலும், வீட்டு விளக்கிலும் பார்த்த பிறகே டப்பாவை மூடச் சொல்ல வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

அரசு இலாகாக்களின் பழைய வண்டி என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 5 என்ற நிற அட்டை இருக்கிறது. ஸ்கை ப்ளூ 101, கோல்டன் யெல்லோ 356, சிக்னல் ரெட் 537, போஸ்ட் ஆபீஸ் ரெட் 538 என்று எண் போட்ட நிறங்கள். எண்கள் பிரிட்டிஷ் தரநிலை 381சி அட்டையின் வழியில் வந்தவை. டெண்டர் விட்டு பெயின்ட் வாங்கும் இடங்களில் இந்த எண்ணைக் குறிப்பிட்டே வாங்குவார்கள். வட்டத்தில் கிடைத்த நிறத்தை முதலில் இந்த அட்டையோடு ஒத்துப்பார்த்தால், பல நேரங்களில் தேடல் அங்கேயே முடியும்.

நிறம் கிடைத்தாலும், பூச்சின் இனம் தவறினால் வண்டி பொய் சொல்லும். 1923-இல் டூபான்ட் கொண்டுவந்த டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அடுத்த ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்களில் நீலமாக வந்து இறங்கியபோது, வாரக்கணக்கில் காய்ந்த பழைய வார்னிஷ் முறையை ஓரங்கட்டியது. தமிழ்நாட்டுப் பட்டறைப் பலகைகளில் 'டூகோ பெயின்டிங்' என்ற எழுத்து, உள்ளே எந்த பெயின்ட் அடித்தாலும், அதற்குப் பிறகு பல காலம் தொங்கியது. 1930களில் ஆல்கிட் எனாமல் வந்தது. வேலை வண்டிகளுக்கு அதுவே மலிவு, அதுவே உறுதி. இப்போது பட்டறைகள் அடிப்பது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. பெயின்ட், அதற்கு மேல் கிளியர் கோட். நீண்ட காலம் உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் 1960களின் ஜீப் ஒன்று தொழிற்சாலையை விட்டு வந்ததே இல்லை. அந்தக் கால எனாமலில் ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய சொரசொரப்பு இருக்கும், பளபளப்பு அடங்கி இருக்கும், தொட்டிக்கு அடியில் பூச்சு மெலிந்து பிரைமர் எட்டிப்பார்க்கும். பி.யூ. அடிப்பதானால் பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் கலவை சேர்த்து, கிளியர் கோட்டைத் தவிர்த்து அடிக்கலாம். நிறம் துல்லியமாக இருந்து பளபளப்பு தவறிய வண்டியைவிட, நிறம் இம்மி பிசகி பளபளப்பு சரியாக அமைந்த வண்டியே அசலுக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

பெரும்பாறையின் வானிலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மலை முழுக்க ஈரம். லாக்கர் பெயின்ட் அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகித் தகட்டைக் குளிர்விக்கும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு வெளுத்துப் பூக்கும். நிறம் பொருந்தவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் சிலருக்குக் காரணம் டப்பாவில் இல்லை, மூடுபனியில் இருக்கிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்தால் ஓரளவு தப்பலாம். பி.யூ.வுக்கு ஈரம் இன்னும் பகை. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து வாயு விட்டு, பூச்சில் நுண்குமிழிகளை உண்டாக்கும். அதே ஐசோசயனேட்தான் ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவருவதும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பே இல்லை; சுத்தக் காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் சரி. ஷெட் மூடியிருந்து, காற்று காய்ந்திருக்கும் கோடை மாதங்களே இந்த மலையில் பூச்சு வேலைக்கு ஏற்ற காலம். இல்லையென்றால் வண்டியை வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

உள் அலங்காரத்துக்கு வந்தால், ஜீப்பிலும் வேலை வண்டியிலும் அது கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பதாலேயே தவறு பளிச்சென்று தெரியும். சீட்டு ரெக்ஸினின் உண்மையான நிறம், சட்டத்துக்கு அடியில் மடித்து ஆணியடித்த ஓரத்திலும் மடிப்புத் தையலின் உட்குழியிலும் இருக்கும். கிழித்து எறியும் முன் ஒரு கை அளவு துண்டை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் நிறம் மட்டுமல்ல, தோலின் வரி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், பைப்பிங் தடிமன் எல்லாம் பதிவாகியிருக்கிறது. உள்ளே கயிற்றுநாரா ரப்பர் பூசிய நாரா என்று பார்த்து அதையே போட்டால், உட்காரும் உயரம் மாறாது. இன்றைய ஃபோம் போட்டால் டிரைவர் இரண்டு விரல் கூடுதல் உயரத்தில் உட்காருவார். ஸ்டியரிங் இடிக்கும்.

திருகாணிகள் இன்னொரு காட்டிக்கொடுப்பு. கூட்டல் குறி போட்ட ஃபிலிப்ஸ் திருகு 1930களின் நடுவில்தான் அமெரிக்கக் கார்களில் நுழைந்தது. 1928 வண்டியின் கதவுக் கைப்பிடியில் அது இருந்தால், யாரோ பிற்காலத்தில் கை வைத்திருக்கிறார்கள். குரோம் விஷயத்தில் ஆசையை அடக்க வேண்டும். தோட்டத்து வேலைக்கு வாங்கிய பிக்கப்பின் பம்பரும் கண்ணாடிச் சட்டமும் பெரும்பாலும் பெயின்ட் அடித்தவையே. மெருகேற்றுகிறோம் என்று அவற்றைக் குரோம் பட்டறைக்கு அனுப்புகிறவர்கள் வண்டிக்குக் கல்யாண மண்டபத்து வேடம் போடுகிறார்கள்.

எவ்வளவு புதுப்பிக்கலாம் என்பதில் உலகத்துப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறது. 1966-இல் தொடங்கிய அந்த அமைப்பு, கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில், வண்டிகளுக்கென்று டூரின் சாசனத்தை வகுத்தது. இருப்பதைக் காப்பதே முதல் கடமை, மாற்றுவது தவிர்க்க முடியாதபோது மட்டும், மாற்றியதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதை அப்படியே ஏற்றால், முதல் பூச்சு பாதிக்கு மேல் நல்ல நிலையில் உள்ள வண்டிக்குப் புது பெயின்டே தேவையில்லை. மேற்பூச்சுகளைப் பொறுமையாக நீக்கி, அடியில் இருப்பதை மெருகிட்டு, வெறுமையான இடங்களை மட்டும் நிரப்பினால் போதும். கூலி அதிகம், பார்வைக்குப் பழசு. பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் இயங்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வண்டிகளின் வெளிப்புற மினுக்கத்தில் மயங்கி நிற்காமல் தையலையும் திருகையும் பீடிங்கையும் கவனித்தால், இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சேருவது என்று தாங்களே முடிவு செய்யலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலை பொது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தை வளையங்களோடு அப்படியே விட்டுவைக்க வேண்டும். அதன்மேல் புது பெயின்ட் படக் கூடாது. கலவைச் சூத்திரம், பெயின்ட் கம்பெனியின் பெயர், அடித்த தேதி, பழைய ரெக்ஸின் துண்டு, அதே பெயின்டில் அடித்த ஒரு தகரச் சில்லு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஆர்.சி.யோடு வைக்கலாம். அடுத்த முறை கதவு நசுங்கும்போது அந்தச் சில்லுதான் உதவும்.

ஆர்.சி. என்றதும் கடைசியாக ஒன்று. அதில் நிறம் எழுதியிருக்கும். வட்டத்தில் கிடைத்த நிறமும் ஆர்.சி.யில் உள்ள நிறமும் வேறாக இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், உடம்பு, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்த விதி சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். வாழைத்தார் ஏற்றவே வாங்கி, சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புகளுக்கு, அவற்றின் பூச்சு எத்தனை அசலாக இருந்தாலும், இந்த வாசல் திறப்பதில்லை. பதிவை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பது செலவைக் காப்பாற்றும்.